பென்னிக் காசும் பேச்சு மன்றமும்

வள்ளுவர் ‘பயனில சொல்லாமை’க்கென்று தனி அதிகாரமே வகுத்தார். ‘அவையறிதல்’, ‘அவையஞ்சாமை’ என்னும் இரண்டினையும் வகுத்தவர் அவரே. பயனற்ற சொல் எது, அவையில் வைக்கத்தக்க சொல் எது என்று பிரித்தறிவது சான்றோர்க்கு எளிதாயிருக்கலாம்; வரலாற்றுக்கு அஃது எளிதன்று. ஒரு காலத்தில் வெட்டிப்பேச்சு என்று இகழப்பட்டது, நூறாண்டு கழித்து நோக்கும்போது ஒரு நாட்டின் வாணிகமாகவும் அறிவியலாகவும் இதழியலாகவும் வளர்ந்து நிற்பதுண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இலண்டன் நகரில் தோன்றிய காப்பி இல்லங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். யார் வேண்டுமானாலும் புகலாம் என்பதே அவற்றின் வலிமை. உள்ளே நடந்த பேச்சுக்கு விலையுண்டு என்று கண்டுகொண்டவர்கள் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்தியதே அவற்றின் பிற்கால வரலாறு.

ஊர்நடுவே மரநிழலில் முதியோர் கூடிய மன்றத்தையும் பொதியிலையும் சங்கப் பாடல்கள் நமக்குக் காட்டுகின்றன. ஆயினும் அங்குக் கூடியவர்கள் ஓரூரார். ஒருவரையொருவர் பிறப்பு முதல் அறிந்தவர்கள். இலண்டன் காப்பி இல்லத்தின் புதுமை வேறு. முன்பின் அறியாதவர்கள் ஒரே நீள்பலகையில் தோளோடு தோள் உரச அமர்ந்து, கப்பல் வரவையும் கோள்களின் ஓட்டத்தையும் அரசனின் கடனையும் ஒரே மூச்சில் பேசினர்.

அயலான் கொணர்ந்த பானம்

இங்கிலாந்தின் முதற் காப்பி இல்லத்தை 1650இல் ஆக்ஸ்போர்டு நகரில் ஜேக்கப் என்னும் யூதர் தொடங்கினார் என்று அந்நகரத்து வரலாற்றறிஞர் ஆன்டனி வுட் குறித்துள்ளார். இலண்டனில் அது 1652இல் தோன்றியது. துருக்கி நாட்டோடு வாணிகம் செய்துவந்த டேனியல் எட்வர்ட்ஸ் என்னும் வணிகர், தமக்குக் காப்பி காய்ச்சித் தரும் பணியாளாகப் பாஸ்குவா ரோசே என்பவரை உடனழைத்து வந்தார். அப்பானத்தைச் சுவைக்க எட்வர்ட்ஸ் வீட்டுக்கு நாள்தோறும் நண்பர் கூட்டம் வரத் தொடங்கிற்று. தொல்லை பொறுக்காத வணிகர் கார்ன்ஹில் பகுதியில், புனித மைக்கேல் ஆலயத்தை ஒட்டிய சந்தில், ரோசே தனிக்கடை வைக்க உதவினார் என்பர். மதுக்கடைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ரோசே நகர உரிமை பெறாத அயலான் என்று முறையிட்டனர். அதனால் நகர உரிமை பெற்ற போமன் என்பவர் பங்காளியாகச் சேர்க்கப்பட்டார். எல்லார்க்கும் திறந்த கதவு என்று பின்னாளில் புகழப்பட்ட நிலையத்தின் முதற் கதவு, ‘இவன் நம்மவன் அல்லன்’ என்ற வழக்கோடுதான் திறந்தது என்பது நோக்கத்தக்கது.

கும்பகோணத்து டிகிரி காப்பியை மனத்திற்கொண்டு அப்பானத்தை எண்ணிப் பார்ப்போர் ஏமாறுவர். பாலின்றி, கருநிறமாய், பெரிய கலத்தில் நெடுநேரம் கொதித்துக் கிடந்த கசப்பு நீர் அது. சுவைக்காக எவரும் அங்குச் சென்றதாகத் தெரியவில்லை. ஒரு பென்னி கொடுத்தால் ஒரு கிண்ணம் காப்பி கிடைக்கும். அதனுடன் கணப்பின் வெம்மையும், மெழுகுவத்தி வெளிச்சமும், மேசைமேல் கிடக்கும் செய்தித்தாள்களும், யாருடைய பேச்சிலும் புகும் உரிமையும் கிடைக்கும். பென்னிப் பல்கலைக்கழகம் என்று அவ்வில்லங்களுக்குப் பெயர் வழங்கியது இதனாலேயே. மதுக்கடைப் பேச்சு குடிக்கக் குடிக்கக் குழறும்; காப்பிக் கடைப் பேச்சோ குடிக்கக் குடிக்கத் தெளியும். 1663இல் இலண்டன் மாநகரின் எல்லைக்குள் 82 காப்பி இல்லங்கள் இருந்தன.

காப்பி இல்ல ஒழுங்குமுறைகள் என்று பாட்டு வடிவில் ஒரு தாள் 1674இல் அச்சாகி வெளிவந்தது. பெரிய மனிதர் வந்தாலும் எழுந்து இடம் விடவேண்டியதில்லை. காலியான இடத்தில் யாரும் அமரலாம். ஆணையிட்டுப் பேசினால் பன்னிரண்டு பென்னி தண்டம். சச்சரவைத் தொடங்கியவர் அங்குள்ள அனைவர்க்கும் ஒவ்வொரு கிண்ணம் காப்பி வாங்கித் தரவேண்டும் என்பன அதன் விதிகள். இவ்விதிகள் எல்லாக் கடைகளிலும் நடைமுறையில் இருந்தன என்று கொள்வதற்கில்லை. அத்தாளில் நகையாடலும் கலந்துள்ளது. ஆயினும் பிரபுவும் கைவினைஞனும் ஒரே பலகையில் அமரலாம் என்னும் எண்ணம், எண்ணமாக உலவியதே அக்காலத்திற்குப் பெரிது.

அரசனின் அச்சம்

பேச்சின் ஆற்றலை முதலில் உணர்ந்தவர் கவிஞரல்லர், வணிகருமல்லர், ஆட்சியாளரே. குரோம்வெல் மறைந்து அரசாட்சி மீளுமோ மீளாதோ என்று நாடு ஊசலாடிய 1659ஆம் ஆண்டின் இறுதியில், வெஸ்ட்மின்ஸ்டரில் மைல்ஸ் என்பவரின் காப்பி இல்லத்தில் ஜேம்ஸ் ஹாரிங்டன் ‘ரோட்டா’ என்னும் விவாதக் கழகத்தை நடத்தினார். நீள்வட்ட மேசை, அதன் நடுவே மைல்ஸ் புகுந்து காப்பி பரிமாற ஒரு வழி. சூடான விவாதம் முடிந்ததும் மரப்பெட்டியில் மறைவாக வாக்கிட்டு முடிவு காண்பர். குடியாட்சியில் பதவிகள் சுழற்சி முறையில் மாறிவர வேண்டும் என்பது அவர்கள் ஆய்ந்த கொள்கை. நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பீசும் அங்கே அமர்ந்து கேட்டார். 1660இல் அரசாட்சி மீண்டது, கழகம் கலைந்தது, ஹாரிங்டன் அடுத்த ஆண்டில் சிறைப்பட்டார். பேச்சுப் பழக்கமோ கலையவில்லை.

தந்தையின் தலை 1649இல் மேடையில் வெட்டுண்டதை மறவாத இரண்டாம் சார்லஸ், 1675 டிசம்பர் 29ஆம் நாள் நாட்டிலுள்ள காப்பி இல்லங்கள் அனைத்தையும் மூடுமாறு அறிக்கை விடுத்தார். சோம்பேறிகளும் அரசை வெறுப்போரும் அங்கே கூடுகின்றனர்; தொழிலாளர் பொழுதை வீணடிக்கின்றனர்; அரசுக்கு இழிவு தேடும் பொய்ச் செய்திகள் அங்கிருந்து பரவுகின்றன என்பன அவ்வறிக்கை சுட்டிய காரணங்கள். 1676 சனவரி 10 முதல் தடை நடைமுறைக்கு வரவேண்டும். கடைக்காரர் முறையிட்டனர். உரிய உரிமம் பெற்றவர்களின் கடையை இடையில் மூடலாமா என்பதில் நீதிபதிகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. தடை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னதாக, சனவரி 8ஆம் நாளே, அரசர் பின்வாங்கினார். அவதூறான பேச்சைத் தம் கடையில் அனுமதிப்பதில்லை என்று கடைக்காரர் உறுதி எழுதித் தரவேண்டும் என்ற அளவோடு நின்றார். வாளெடுத்த படையைக் கண்டு பின்வாங்கிய அரசர் பலர். காப்பிக் கிண்ணத்தைக் கண்டு பத்து நாளில் பின்வாங்கியவர் இவரே போலும்.

கோள்களும் நாற்பது ஷில்லிங் நூலும்

இராயல் கழகத்தின் சோதனைப் பொறுப்பாளராயிருந்த இராபர்ட் ஹூக்கின் நாட்குறிப்பைப் படிப்போர், அவர் வீட்டில் எப்போது இருந்தார் என்று வியப்பர். 1672 முதல் 1680 வரையிலான குறிப்புகளில் அறுபதுக்கும் மேற்பட்ட காப்பி இல்லங்கள் இடம்பெறுகின்றன. கடிகாரம் செய்வோர், கண்ணாடி தேய்ப்போர், கட்டடக் கலைஞர் ஆகியோரை அவர் கண்டு பேசியது அங்கேதான். கற்றவன் கருத்தும் கைவினைஞன் அனுபவமும் ஒன்றையொன்று உரசிப் பார்ப்பதற்குப் பல்கலைக்கழகத்தில் அன்று இடமில்லை. ஒரு பென்னிக் கடையில் இருந்தது.

1684 சனவரியில் ஹூக், எட்மண்ட் ஹாலி, கிறிஸ்டபர் ரென் ஆகிய மூவரும் பேசிக்கொண்டிருந்தனர். அவ்வுரையாடல் ஒரு காப்பி இல்லத்தில் நிகழ்ந்தது என்று பின்வந்தோர் கூறுவர். ஹாலியின் கடிதம் இடத்தைச் சொல்லவில்லை. கதிரவன் கோள்களை ஈர்க்கும் விசை தொலைவின் இருபடிக்கு ஏற்பக் குறையுமாயின் கோள்களின் பாதை என்னவாகும் என்பது பேச்சு. தமக்கு விடை தெரியும் என்றார் ஹூக்; மெய்ப்பிப்பைக் காட்டவில்லை. இரண்டு மாதத்திற்குள் மெய்ப்பித்துக் காட்டுவோர்க்கு நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள நூல் ஒன்றைத் தருவதாக ரென் அறிவித்தார். தவணை கடந்தது, ஒருவரும் அந்நூலைப் பெறவில்லை. ஆகஸ்டு மாதம் ஹாலி கேம்பிரிட்ஜ் சென்று அதே வினாவை ஐசக் நியூட்டனிடம் வைத்தார். பாதை நீள்வட்டம் என்று நியூட்டன் உடனே விடையிறுத்தார். அதனை விரித்தெழுதுமாறு ஹாலி வற்புறுத்தியதன் பயனே 1687இல், ஹாலியின் சொந்தச் செலவில் அச்சான ‘பிரின்சிபியா’. நட்பார்ந்த பந்தயமாகத் தொடங்கிய வினா உலகின் போக்கை மாற்றிய நூலாக முடிந்தது.

பெர்ச்சின் சந்திலிருந்த மரைன் காப்பி இல்லத்தில் ஜான் ஹாரிஸ் 1698 முதல் கணிதச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். மாலுமியும் வணிகரும் அங்கே கணிதம் கேட்டனர். கலை, தொழில், வாணிகம் ஆகியவற்றை ஊக்குவிக்கும் கழகம் ஒன்று 1754இல் ராத்மெல் காப்பி இல்லத்தில் வில்லியம் ஷிப்லி கூட்டிய கூட்டத்தில் பிறந்ததும் இதனோடு வைத்தெண்ணத் தக்கது.

கவிஞரின் நாற்காலி

கவிஞர்களின் இடம் கோவன்ட் கார்டனில் இருந்த வில் காப்பி இல்லம். ஜான் டிரைடனுக்கென்று அங்கே ஒரு நாற்காலி இருந்தது; குளிர்காலத்தில் கணப்பின் அருகிலும் வேனிலில் மாடத்திலும் அது இடம்பெறும். புதிய நாடகம் நன்றா தீதா, ஒரு சொல் அவ்விடத்திற்கு ஏற்றதா அன்றா என்று அங்கே தீர்ப்பாகும். சிறுவனாயிருந்த அலெக்சாண்டர் போப்பை, டிரைடனைக் கண்ணால் காண்பதற்கென்றே ஒருமுறை அங்கு அழைத்துச் சென்றனர் என்பது வழிவழிச் செய்தி.

இலக்கியப் பேச்சு ஊறற்றது என்று கருத வேண்டா. 1679 டிசம்பர் 18ஆம் நாள் இரவு, வில் இல்லத்திலிருந்து வீடு திரும்பிய டிரைடனை ரோஸ் சந்தில் அடியாட்கள் மறித்துத் தடியால் தாக்கினர். பெரிய இடத்தாரை எள்ளிய அங்கதக் கவிதை ஒன்று ஆசிரியர் பெயரின்றிக் கைக்குக் கை உலவியது. அதனை இயற்றியவர் அவரே என்று கருதப்பட்டதே காரணம் என்பர். அடியாட்களை ஏவியவர் யார் என்பது இன்றளவும் மெய்ப்பிக்கப்படவில்லை. டிரைடன் மீண்டும் அந்நாற்காலிக்கு வந்தமர்ந்தார்.

1700இல் அவர் மறைந்தபின் வில் இல்லம் பொலிவிழந்தது. கவிதைத்தாள் புழங்கிய மேசைகளில் சீட்டுக்கட்டு புழங்குகிறது என்று ரிச்சர்ட் ஸ்டீல் தம் ‘டாட்லர்’ இதழின் முதல் எண்ணிலேயே குறைபட்டுக் கொண்டார். 1709 ஏப்ரல் 12ஆம் நாள் தொடங்கிய அவ்விதழின் அமைப்பே காப்பி இல்லங்களின் அமைப்புத்தான். காதற் செய்திகள் ஓர் இல்லத்தின் பெயரிலும், கவிதை வில் இல்லத்தின் பெயரிலும், கல்விச் செய்திகள் கிரேக்க இல்லத்தின் பெயரிலும், நாட்டு நடப்பு செயின்ட் ஜேம்ஸ் இல்லத்தின் பெயரிலும் வெளிவந்தன. ஜோசப் அடிசன் 1713இல் பட்டன் காப்பி இல்லத்தில் சிங்கத்தலை வடிவில் ஓர் அஞ்சல் பெட்டியை வைத்தார். தெருவில் போவோர் அதன் வாயில் எழுதிப் போட்ட கடிதங்களும் கட்டுரைகளும் இதழில் ஏறின. வாசகன் எழுத்தாளனாகும் வழி அங்கே திறந்தது. ஆங்கில உரைநடை கல்லூரியின் இறுக்கம் தளர்ந்து பேச்சின் ஓட்டம் பெற்றதற்கு அச்சிங்கத்தின் வாயும் ஒரு காரணம் எனலாம்.

செய்தி பணமான கதை

வணிகரிடையே பேச்சு வேறு வகையில் பயன்பட்டது. எட்வர்ட் லாயிட் என்பவர் 1680களின் இறுதியில் டவர் தெருவில் காப்பி இல்லம் வைத்திருந்தார். 1691இல் லொம்பார்டு தெருவுக்குப் பெயர்ந்தார். கப்பல் தலைவர்களும் சரக்கு முதலாளிகளும் அங்குக் கூடினர். எந்தக் கப்பல் எங்கே கண்டது, எது புயலில் சிக்கியது என்பதே அவர்கள் பேச்சு. கப்பலுக்கு ஏற்படும் இழப்பை இன்ன அளவு ஏற்கிறேன் என்று ஆவணத்தின் அடியில் பெயரெழுதும் செல்வர்கள் அப்பேச்சைக் கேட்டுக் கூலி நிறுத்தனர். ஓர் அங்குல மெழுகுவத்தியை ஏற்றிவைத்து ஏலம் விடுவர். சுடர் அணையுமுன் கடைசியாகக் கேட்டவர்க்குக் கப்பல் சொந்தம். லாயிட் 1696இல் தொடங்கிய செய்தித்தாள், பிரபுக்கள் அவையைப் பற்றிய ஒரு செய்தியால் ஏற்பட்ட நெருக்கடியில் மறு ஆண்டே நின்றது. 1734 முதல் வந்த ‘லாயிட்ஸ் லிஸ்ட்’ நிலைத்தது.

கார்ன்ஹில்லை ஒட்டிய எக்ஸ்சேஞ்ச் சந்தில் ஜோனதன், காராவே என்னும் இரண்டு இல்லங்கள் இருந்தன. ஜோனதனில் அமர்ந்து ஜான் காஸ்டெயிங் 1698இல் பங்கு, நாணய விலைகளைப் பட்டியலிட்டு வெளியிடத் தொடங்கினார். காராவேயில் தேயிலை விற்றது. ஹட்சன் குடாவிலிருந்து வந்த மென்மயிர்த் தோல் 1672இல் ஏலம் போயிற்று. இந்தியாவோடும் சீனத்தோடும் வாணிகம் செய்தோர் கூடிய இடம் ஜெருசலேம் காப்பி இல்லம். சென்னைக் கோட்டையிலிருந்து மூட்டையாகச் சென்ற சோழமண்டலக் கரையின் சாயத்துணி, இலண்டன் பெண்டிரின் உடையாகவும் வணிகர் நாவில் விலையாகவும் மாறியது. அத்துணி தம் வாழ்வைப் பறிக்கிறது என்று 1719இல் ஆங்கில நெசவாளர் கலகம் செய்தனர். 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவே தடைச்சட்டம் வந்தது. அத்துணியை நெய்தவர்களும் சாயமேற்றியவர்களும் கடலுக்கு இப்பால் இருந்தனர். அவர்கள் குரல் அந்த அறையில் கேட்க வழியில்லை.

பேச்சு பொய்த்த காலமும் உண்டு. தென்கடல் கும்பினியின் நூறு பவுன் பங்கு, 1720 சனவரியில் ஏறத்தாழ 128 பவுனுக்கு விற்றது. கோடையில் 1000 பவுனைத் தொட்டது. செப்டம்பர் இறுதிக்குள் 200க்கும் கீழே சரிந்தது. எக்ஸ்சேஞ்ச் சந்தில் ஒருவர் சொன்னதை மற்றவர் நம்ப, மற்றவர் நம்பியதைக் கண்டு முதலில் சொன்னவரே நம்பிய விந்தை அது. கோள்களின் பாதையைக் கணித்த நியூட்டனும் பெரும்பொருள் இழந்தார்.

பலகைக்கு வெளியே

யார் வேண்டுமானாலும் என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்கினர் என்பதைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். காப்பி இல்லங்களை நடத்தியவர்களுள் பெண்கள் பலர். நுழைவாயிற் கல்லாவில் அமர்ந்து பென்னியை வாங்கியதும், அடுக்களையில் கொட்டையை வறுத்ததும் பெண்களே. பேச்சுப் பலகையில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை. விதிகளில் எழுதாமலே விலக்கப்பட்டனர். காப்பியை எதிர்த்துப் பெண்கள் விடுத்த விண்ணப்பம் என்று 1674இல் ஒரு சிறுநூல் வந்தது. கணவர் ஆண்மை குன்றி, வாயாடிகளாய் வீடு திரும்புகின்றனர் என்று அது முறையிடுகிறது. அதன் கொச்சையையும் கேலியையும் நோக்க, ஆண் ஒருவனே பெண் பெயரில் எழுதியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர் ஐயுறுவர். ஐயம் மெய்யாயின், அக்காலத்துக் காப்பி இல்ல வரலாற்றில் பெண்குரல் என்று எடுத்துக்காட்டப்படும் ஒன்றும் பெண்குரலன்று.

மற்றொரு கூட்டத்தார் பலகைக்கு வெளியே மட்டுமல்லர். பேச்சின் பொருளாகவே இருந்தனர். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருவோர்க்கு இன்ன காப்பி இல்லத்தில் பரிசு தரப்படும் என்னும் விளம்பரங்கள் அக்காலச் செய்தித்தாள்களில் காணப்படுகின்றன. மேசைமேல் கிடந்த அத்தாளைப் புரட்டியவாறே, மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சருக்கரையைச் சிலர் தம் கிண்ணத்தில் கலந்துகொண்டனர். அடிமைக் கப்பல்களும் லாயிட் இல்லத்து மேசையில் காப்புறுதி பெற்றன. லாயிட்ஸ் நிறுவனம் இதற்கு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது 2020ஆம் ஆண்டில்.

கதவு சாத்தியது

1739இல் இலண்டனில் 551 காப்பி இல்லங்கள் இருந்தன என்று மெய்ட்லண்ட் எண்ணிக் கூறினார். எண்ணிக்கை பெருகியபோதே சுருக்கமும் தொடங்கிவிட்டது. 1761இல் தரகர் 150 பேர் ஒன்றுகூடி, ஜோனதன் இல்லத்திற்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தந்து, குறித்த நேரங்களில் தம்மவர் தவிரப் பிறர் புகலாகாது என்று ஏற்பாடு செய்துகொண்டனர். வெளியேற்றப்பட்ட தரகர் ஒருவர் வழக்காடினார். நெடுங்காலமாக அனைவர்க்கும் திறந்த சந்தையாய் விளங்கிய இடத்தைச் சிலர் தமதாக்கிக் கொள்ள இயலாது என்று தீர்ப்பு அவர் பக்கமே அமைந்தது. பொது இடம் பொது இடமே என்று நீதிமன்றம் சொன்ன அச்சொல் அரியது. ஆனால் தரகர்கள் வேறு வழி கண்டனர். 1773இல் தமக்கெனத் தனிக்கட்டடம் எழுப்பி, நாளொன்றுக்கு ஆறு பென்னி நுழைவுக் கட்டணம் விதித்தனர். கதவின்மேல் ‘பங்குச் சந்தை’ என்று பெயர் எழுதினர். ஒரு பென்னி ஆறு பென்னி ஆயிற்று. 1801இல் உறுப்பினர் அல்லாதார்க்கு அக்கதவு முற்றாக அடைபட்டது.

லாயிட் இல்லத்தாரும் இவ்வழியே சென்றனர். சூதாட்டம் மிகுந்த பழைய இல்லத்தை விட்டு 1769இல் பிரிந்தோர், 1771இல் 79 பேராகச் சேர்ந்து தலைக்கு 100 பவுன் செலுத்தி, 1774இல் இராயல் எக்ஸ்சேஞ்சு மாளிகைக்குள் புகுந்தனர். காப்பி போயிற்று, சீருடை அணிந்த பணியாளரைப் ‘பரிமாறுவோர்’ என்று அழைக்கும் வழக்கம் மட்டும் அங்கே இன்றும் எஞ்சியுள்ளது. செல்வர்கள் தனி மனமகிழ் மன்றங்களுக்குச் சென்றனர். அறிஞர்க்குக் கழகக் கட்டடங்கள் எழுந்தன. செய்தித்தாள் வீட்டு வாயிலுக்கே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது, முன்பின் அறியாதார் அருகமர்ந்து வாதிட்ட நீள்பலகை பெரும்பாலான இடங்களில் மறைந்து போயிருந்தது.

ஜோனதன் இல்லத்திலிருந்து கிளைத்த அப்பங்குச் சந்தையின் கதவு பெண்களுக்கு முதன்முதலாகத் திறந்த ஆண்டு 1973. தரகர்கள் தனிக்கட்டடம் எழுப்பிக் கட்டணம் விதித்த ஆண்டிலிருந்து எண்ணினால் சரியாக இருநூறு ஆண்டுகள்.